லாசரஸில் டெஸ்க்டாப் மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்படி சிறிய ரசீது மென்பொருள் ஒன்று எழுத நினைக்கிறேன். காசு கொடுத்து மென்பொருள் கருவி வாங்கும் நிலையில் இல்லை. லாசரஸ் போதுமா? அதில் எழுதியதை விற்கலாமா?

பதில்: தாராளமாகப் போதும். லாசரஸ் என்பது பாஸ்கல் மொழியில் மென்பொருள் எழுத உதவும் கருவி; 1999-இல் தொடங்கிய திறமூலத் திட்டம். அதன் 1.0 பதிப்பு 2012-இல் வெளிவந்தது. ஃப்ரீ பாஸ்கல் என்ற கம்பைலரின் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கருவி) மேல் அது இயங்குகிறது. படிவத்தின் (மென்பொருளின் ஜன்னல்) மேல் பட்டன், எழுத்துப்பெட்டி, அட்டவணை எல்லாவற்றையும் மவுஸால் வைத்து, பிறகு நிரல் எழுதும் முறை. இதே முறையில் இயங்கும் டெல்பி என்ற பாஸ்கல் கருவி பழகியவர்கள் அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். கிடைக்கும் கோப்பு நேரடி இயந்திரமொழி என்பதால், அதை ஓட்டும் கணினியில் தனி ரன்டைம் (நிரலை ஓட்டும் துணை மென்பொருள்) எதுவும் நிறுவ வேண்டாம்.

விற்பதற்கும் தடையில்லை. பட்டன் போன்ற பாகங்களைத் தரும் எல்சிஎல் என்ற அடிப்படை நூலகம் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில், உங்கள் நிரலோடு இணைப்பதற்கு விலக்கு தரும் திருத்தத்தோடு வருகிறது. உங்கள் மூலநிரலை வெளியிடாமலே விற்கலாம். எல்சிஎல்லையே திருத்தி வெளியிட்டால்தான் அந்தத் திருத்தத்தைத் தர வேண்டும். வேறொருவர் எழுதிய பாகங்களைச் சேர்த்தால் அவற்றின் உரிமத்தைத் தனியே படித்துவிடுங்கள்.

விண்டோஸில் ஒரே நிறுவியில் எல்லாம் வந்துவிடும். லினக்ஸில் கம்பைலர், கம்பைலரின் மூலநிரல், லாசரஸ் என மூன்று பொதிகள் வேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நூலகச் சொல்லின் மேல் கன்ட்ரோலோடு கிளிக் செய்து அதன் மூலத்துக்குத் தாவும் வசதி வேலை செய்யாது. இன்னொன்று: மூலநிரல் ஒன்றுதான், ஆனால் கம்பைல் இரண்டு. திட்டக் கோப்புறையை லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்து அங்கேயே கம்பைல் செய்வது எளிய வழி. விண்டோஸில் இருந்துகொண்டே இலக்கை மட்டும் லினக்ஸ் என மாற்றினால் ‘இன்டர்ஃபேசஸ்’ என்ற யூனிட்டைக் (பாஸ்கல் நிரல் கோப்பு) காணோம் என்ற பிழைதான் வரும். அந்த இலக்குக்கான எல்சிஎல் உங்கள் கணினியில் கம்பைல் ஆகவில்லை என்பதே அதன் பொருள்.

கேள்வி: ஒரு பாடத்தில் இருந்த நிரலை அப்படியே நகலெடுத்து என் யூனிட்டில் ஒட்டினேன். கம்பைல் ஆகிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை.

பதில்: புதிதாகப் பழகுகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். பட்டனுக்கும் செயல்முறைக்கும் உள்ள தொடர்பு பாஸ்கல் கோப்பில் இல்லை. படிவத்தின் விவரம் தனியாக ‘எல்எஃப்எம்’ கோப்பில் இருக்கிறது. எந்த நிகழ்வுக்கு எந்தச் செயல்முறை என்ற வரியும் அங்கேதான் எழுதப்படுகிறது. நிரலை மட்டும் ஒட்டினால் அந்த வரி உருவாகாது. பட்டனைத் தேர்ந்தெடுத்து, எஃப்11 அழுத்தி ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரைத் திறந்து, ‘ஈவென்ட்ஸ்’ தாவலில் ‘ஆன்கிளிக்’ எதிரே உள்ள பட்டியலில் உங்கள் செயல்முறையைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும்.

இனி வரிசை மாறாமல் செய்யுங்கள். பட்டனை வையுங்கள். உடனே அதற்கு நல்ல பெயர் கொடுங்கள். அதன் பிறகே இரட்டைக் கிளிக் செய்து, லாசரஸ் உருவாக்கித் தரும் ‘பிகின்’, ‘எண்ட்’ நடுவே எழுதுங்கள். நீக்கும்போதும் கவனம் தேவை. உடலை மட்டும் அழித்தால், மேலே வகுப்பில் அறிவிப்பு நின்றுகொண்டிருப்பதால் கம்பைலர் நிறுத்திவிடும். இரண்டையும் அழித்து, எல்எஃப்எம் வரியை விட்டுவிட்டால் அது இன்னும் மோசம்: கம்பைல் ஒழுங்காக ஆகும், ஓட்டும்போது படிவத்தைப் படிக்க முடியாமல் பிழை வரும். அதனால் முதலில் ஈவென்ட்ஸ் தாவலில் இணைப்பை எடுத்துவிட்டு, பிறகு நிரலை அழியுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு பட்டன் உள்ள மென்பொருள் 20 எம்பிக்கு மேல் வருகிறதே?

பதில்: பிழைதிருத்தத் தகவல்தான் அந்தப் பருமன். திட்ட அமைப்புகளில் ‘டீபக்கிங்’ பகுதிக்குப் போய், கோப்பிலிருந்து குறியீடுகளை நீக்கும் தேர்வை இயக்குங்கள். சில எம்பிகளுக்குச் சுருங்கிவிடும். மிச்சமிருப்பது எல்சிஎல். பத்துப் படிவம் சேர்த்தாலும் அது பத்து மடங்காக வளராது. ஆனால் அன்றாட வேலைக்கு அந்தத் தகவல் வேண்டும். அது இல்லாமல் பிழை எந்த வரியில் என்று லாசரஸால் காட்ட முடியாது. எனவே ‘பில்டு மோட்’ (கம்பைல் அமைப்புகளின் தொகுப்பு) இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: எழுதும்போது ஒன்று, வெளியிட ஒன்று.

கேள்வி: ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைப் படிவத்தில் உள்ள அட்டவணையோடு இணைத்திருக்கிறேன். தட்டச்சு செய்தது திரையில் தெரிகிறது. மூடித் திறந்தால் காணோம். சில பத்திகளில் (நெடுவரிசைகளில்) ‘மெமோ’ என்ற சொல்தான் தெரிகிறது.

பதில்: தரவு வட்டுக்குப் போய்ச் சேர மூன்று படிகள் இருக்கின்றன, நீங்கள் முதல் படியிலேயே நிற்கிறீர்கள். அட்டவணையில் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனதும் ‘போஸ்ட்’ தானாக நடக்கிறது. அது மாற்றத்தை வினவல் பாகத்தின் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுத்துத் தரும் பாகம்) நினைவகத்தில் மட்டும் வைக்கிறது. ‘அப்ளைஅப்டேட்ஸ்’ என்ற கட்டளைதான் அதைத் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. ‘கமிட்’ ஆனால்தான் நிலைக்கும்.

வினவல் பாகத்தின் ‘ஆஃப்டர்போஸ்ட்’, ‘ஆஃப்டர்டிலீட்’ ஆகிய இரு நிகழ்வுகளிலும் இரண்டு வரிகள் எழுதுங்கள்: முதலில் அப்ளைஅப்டேட்ஸ், அடுத்து பரிமாற்றப் பாகத்தின் ‘கமிட்ரீடெய்னிங்’. வெறும் கமிட் கொடுத்தால் வினவல் மூடிக்கொள்ளும், அட்டவணை காலியாகும். தரவே அழிந்துவிட்டதென்று பயந்துபோவீர்கள். படிவம் மூடும் நிகழ்வில், வினவல் இன்னும் திருத்தும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து போஸ்ட் செய்யுங்கள். கடைசியாகத் தட்டிய வரி தொலைவது இதைச் செய்யாததால்தான். தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைக்கு முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் எண் போன்ற அடையாளம்) கட்டாயம் வேண்டும். எந்த வரியைத் திருத்துவது என்பதை லாசரஸ் அதைக்கொண்டே அறிகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் தரவு காணாமல் போனால் கோப்பின் பாதையைச் சந்தேகியுங்கள். தரவுத்தளப் பெயரை வெறும் கோப்புப் பெயராகக் கொடுத்திருந்தால், மென்பொருள் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கப்படுகிறதோ அங்கே தேடும். கோப்பு இல்லையென்றால் எஸ்கியூலைட் சத்தமில்லாமல் புதிய காலிக் கோப்பை உருவாக்கும். குறுக்குவழியில் திறந்தால் ஒரு தரவு, லாசரஸிலிருந்து ஓட்டினால் வேறு தரவு என்ற குழப்பம் இப்படித்தான் வருகிறது. ‘கெட்ஆப்கான்ஃபிக்டிர்’ என்ற செயல்பாடு தரும் கோப்புறையோடு சேர்த்து முழுப் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் முதலில் உருவாக்குங்கள்.

மெமோ விஷயம் எளிது. ‘டெக்ஸ்ட்’ வகைப் பத்தியை லாசரஸ் நீண்ட குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. தரவுத்தளத்தில் அட்டவணை உருவாக்கும்போது ‘வார்கார் 100’ என்பதுபோல் எழுதுங்கள். எஸ்கியூலைட் அந்த நீளத்தைக் கட்டாயப்படுத்தாது. விண்டோஸில் எஸ்கியூலைட்டின் டிஎல்எல் (நூலகக்) கோப்பு மென்பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 64 பிட் மென்பொருளுக்கு 64 பிட் கோப்புதான் சேரும். ரசீது மென்பொருள் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: கணக்கு போடும் மாறிகளில் தொகையை ‘டபுள்’ வகையில் வைக்காதீர்கள். 0.1 என்பதையே அதில் துல்லியமாக வைக்க முடியாது. ‘கரன்சி’ வகை 4 தசம இடங்கள் வரை பிசகாது.

கேள்வி: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 15 என்று வருகிறது. முதல் எழுத்தை வெட்டினால் கேள்விக்குறி தெரிகிறது.

பதில்: லாசரஸில் சரங்கள் (உரைத் துண்டுகள்) யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற வடிவில் இருக்கின்றன. ‘லெங்த்’ எண்ணுவது பைட்டுகளை. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள், ஆக 15. ‘லாஸ்யூடிஎஃப்8’ யூனிட்டைச் சேர்த்து ‘யூடிஎஃப்8லெங்த்’ பயன்படுத்தினால் 5 வரும். ஆனால் நமக்குத் தெரியும் எழுத்துகள் 3. ‘யூடிஎஃப்8காப்பி’ கொண்டு ‘மிளகு’ என்பதன் முதல் எழுத்தைக் கேட்டால் ‘ம’ தான் கிடைக்கும், ‘மி’ கிடைக்காது.

சரியான எண்ணிக்கைக்குச் சிறிய சுழல் எழுத வேண்டும். ‘யூடிஎஃப்8கோட்பாயின்ட்டூயூனிகோட்’ செயல்பாடு ஒவ்வொரு குறியின் எண்ணையும் அதன் பைட் நீளத்தையும் தரும். எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது உயிர்க்குறி அல்லது புள்ளி. அதை எண்ணாதீர்கள், முந்தைய எழுத்தோடு சேருங்கள். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் இந்தக் கணக்கில் இரண்டிரண்டாக வரும். ஓரெழுத்தாக வேண்டுமென்றால் தனி விதி சேருங்கள். தேடும்போது கவனிக்க வேண்டியது: ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்கும் முன்பே இரட்டைக் குறியை ஒற்றையாக மாற்றிவிடுங்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் அப்படியே.

கேள்வி: ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படிக்கும்போது ஜன்னல் உறைந்து, ‘பதிலளிக்கவில்லை’ என்று வருகிறது.

பதில்: திரையை வரைவதும் உங்கள் சுழலும் ஒரே இழையில் (ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை வரிசை) ஓடுகின்றன. சில நொடி வேலைதான் என்றால், சுழலில் 100 முறைக்கு ஒருமுறை ‘அப்ளிகேஷன்.ப்ராசஸ்மெசேஜஸ்’ அழைத்தால் போதும். ஆனால் அதற்கு முன் பட்டனை முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பொறுமையிழந்த பயனர் மறுபடி அழுத்த, அதே வேலை தனக்குள்ளேயே இரண்டாம் முறை தொடங்கும்.

அதைவிட நீண்ட வேலைக்கு, அதைத் தனி இழையில் ஓட்டும் ‘டிதிரெட்’ வகுப்பே சரி. அந்த இழையின் வேலை நடக்கும் ‘எக்ஸிக்யூட்’ உள்ளே இருந்து படிவத்தின் எந்தப் பாகத்தையும் நேரடியாகத் தொடாதீர்கள். முன்னேற்றப் பட்டையை நகர்த்துவதானாலும் ‘சிங்க்ரனைஸ்’ வழியாகவே செய்யுங்கள். லினக்ஸில் ‘சிதிரெட்ஸ்’ யூனிட் முதன்மை நிரல் கோப்பின் ‘யூசஸ்’ பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விண்டோஸில் ஒழுங்காக ஓடிய அதே நிரல் லினக்ஸில் 232 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும்.