ஆன்லைன் சிகிச்சையும் மொய் மேசையும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வயது 32. திருமங்கலம் பக்கம் கிராமம். கப்பலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போக முடிவதில்லை. விசேஷ வீட்டில் மொய் எழுதப் போனால் கை நடுங்குகிறது. மைக்கில் என் பெயரை வாசித்தால் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதனால் தங்கச்சி மாப்பிள்ளையிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பந்தியில் உட்காருவதில்லை. போன் வந்தால் எடுக்காமல், பிறகு வாட்ஸப்பில் பதில் போடுவேன். சூப்பர்வைசர் வேலை வந்தது. மீட்டிங்கில் பேச வேண்டும் என்று மறுத்துவிட்டேன்.

இதற்கு சி.பி.டி. என்ற சிகிச்சையை, அதாவது எண்ணத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்குகிற மனநலச் சிகிச்சையை, ஆன்லைனிலேயே தருகிறார்கள் என்று பார்த்தேன். மதுரையில் மனநல டாக்டரிடம் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவேன் என்ற பயம் எனக்கு. ஆகவே வசதிதான். ஆனால் ஆட்களுக்குப் பயந்து ஒளிகிறவன் அறைக்குள் உட்கார்ந்தே வைத்தியம் பார்ப்பதும் ஒளிவதுதானே? வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

ஒளிவதாக ஆகிவிடவும் கூடும். திரையில் கிடைப்பது பாடம் மட்டும்தான். அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் டீக்கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போகும்போதுதான் சிகிச்சை தொடங்குகிறது. வாராவாரம் வெளியே அனுப்புகிற ஆன்லைன் சிகிச்சை என்றால் தயங்காமல் சேருங்கள். வீடியோ பார்த்து, மூச்சுப் பயிற்சி செய்து, ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்’ என்பதற்கு ஒரு பொம்மை முகத்தைத் தொடுவதோடு முடிகிறது என்றால் உங்கள் சந்தேகம் சரி.

இது வெறும் கூச்ச சுபாவம்தானே என்று வீட்டில் சொல்வார்கள். கூச்சம் உள்ளவர் கூச்சத்தோடே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். உங்களுக்குச் சாப்பாடு போயிருக்கிறது, பதவி உயர்வு போயிருக்கிறது. இதற்கு ‘சோஷியல் ஃபோபியா’, அதாவது ஆட்கள் முன்னால் வருகிற பயம், என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980 முதலே இதற்குத் தனி இடம் உண்டு.

இந்தப் பயம் ஏன் தானாகப் போவதில்லை? விசேஷத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறவருக்குப் பயம் விலகாதது புரிகிறது. சிலர் வருடக்கணக்கில் போய்வந்துகொண்டே இருப்பார்கள், அப்போதும் பயம் குறையாது. அதற்கு 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இன்றைய சிகிச்சை பெரும்பாலும் அதன் மேல் நிற்கிறது. உங்கள் மொய் மேசையையே வைத்துச் சொல்கிறேன். நோட்டை நீட்டுகிறீர்கள். அப்போது உங்கள் கவனம் முழுக்க உங்கள் கை மேல்தான். நடுக்கம் எவ்வளவு, வேர்வை தெரிகிறதா, குரல் கம்முகிறதா என்று உள்ளே ஒரு கணக்கெடுப்பு ஓடுகிறது. உள்ளே பதறுவது அத்தனையும் வெளியே தெரிகிறது என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். எழுதுகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் அவர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். (அவர் கண் பழைய மொய் நோட்டில், இவர்கள் வீட்டுக்குப் போன தடவை எவ்வளவு செய்தோம் என்பதில் இருக்கும்.)

அடுத்தது, தப்பிக்கச் செய்யும் சின்னச் சின்ன வேலைகள். நடுக்கம் தெரியாமலிருக்கப் பணத்தைக் கவரில் போட்டு இரண்டு கையாலும் பிடிப்பது, யாரும் பேச்சுக் கொடுக்காமலிருக்க செல்லையே பார்ப்பது, சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப்பார்ப்பது, பந்தி ஓயும் வரை வெளியே நிற்பது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் விசேஷத்துக்குக் கிளம்பும் முன் போடுகிற குவார்ட்டரும் நம் ஊரில் பலருக்கு இந்த வரிசையில்தான் வரும். அசம்பாவிதம் எதுவும் நடக்காது. ஆனால் ‘கவரைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்’ என்று மனசு கணக்கெழுதிக்கொள்ளும். அதோடு ராத்திரி படுத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் திரும்ப ஓட்டி, இருந்ததைவிட மோசமாக்கிப் பார்ப்பது வேறு. இந்த மூன்றும் சேர்ந்து பயத்தை அப்படியே காப்பாற்றி வைக்கின்றன.

எனவே சிகிச்சையில் உங்களிடம் கேட்கப்படுவது தைரியம் அல்ல. முதலில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதச் சொல்வார்கள். ‘டீக்கடையில் கிளாஸ் நடுங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள், 80 சதவீதம் நிச்சயம்’ என்று எழுதுகிறீர்கள். பிறகு போய், கையை இறுக்கிப் பிடிக்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கவும் விட்டு டீயைக் குடிக்க வேண்டும். கண்ணைக் கையிலிருந்து எடுத்து மனிதர்கள் மேல் வைக்க வேண்டும். யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள்? வந்து எழுத வேண்டும். அடுத்த வாரம் மாட்டுத்தாவணியில் போர்டைப் பார்க்காமல் கண்டக்டரிடம் ‘இது மேலூர் போகுமா’ என்று கேட்பது. அதற்கடுத்து, வரும் போனை முதல் மணியிலேயே எடுப்பது. சூப்பர்வைசர் வேலை, மீட்டிங் எல்லாம் பின்னால் வரும்.

இந்த இடத்தில் பாடங்களில் ‘நாம் நினைக்கிற அளவுக்கு மற்றவர்கள் நம்மைக் கவனிப்பதில்லை’ என்று வரும். நம் ஊருக்கு இதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். இங்கே கவனிப்பார்கள். ‘என்னப்பா கை இப்படி ஆடுது, காலைல சாப்பிடலையா?’ என்று சத்தமாகக் கேட்கவும் செய்வார்கள். ஆகவே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பிப் போனால் முதல் நாளே தோற்றுத் திரும்புவீர்கள். பார்த்து, கேட்டும்விட்ட பிறகு என்ன ஆகிறது என்பதைச் சோதித்துப் பாருங்கள். ‘ஆமாண்ணே, கொஞ்சம் படபடப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் தன் சுகர் கதைக்குப் போய்விடுவார்.

இனி, ஆன்லைனில் இது நிஜமாகவே வேலை செய்யுமா? செய்கிறது. ஸ்வீடனில் கெர்ஹார்ட் ஆண்டர்சன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 9 வாரப் பாடத்தை இணையம் வழியே கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிகிச்சையாளர் மின்னஞ்சலில் பதில் எழுதினார். 2011-இல் ஸ்டாக்ஹோமில் 126 பேரை வைத்து, நேரில் குழுவாக உட்காரும் சி.பி.டி.யோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இணையச் சிகிச்சை அதற்குக் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் டிடோவ், கேவின் ஆண்ட்ரூஸ் குழு கண்டது உங்களுக்கு இன்னும் முக்கியம். ஒரே பாடத்தை, யாரும் விசாரிக்காமல் தனியே படிக்கச் சொன்னால் பலர் பாதியில் விட்டார்கள். ஒரு ஆள் தொடர்ந்து விசாரித்துப் பதில் எழுதினால் முடித்தவர்களும் அதிகம், பலனும் அதிகம். ஆகவே சந்தா கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வெளியே போய்ச் செய்ததை வாசித்து வாராவாரம் பதில் சொல்லப்போகிறவர் யார்? அவர் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்கலாம், தப்பில்லை. ‘எங்கள் ஏ.ஐ.’ என்று பதில் வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவில் பேசும்போது கேமராவை அணைக்காதீர்கள். தட்டச்சு செய்தே பேசுகிறேன் என்று கேட்காதீர்கள். திரையில் ஓரமாகத் தெரியும் உங்கள் சொந்த முகத்தை மறைத்துவைக்க வசதி உண்டு, அதை மட்டும் செய்யுங்கள். நம்மை நாமே பார்த்துக்கொண்டிருப்பதுதானே வியாதி. பேசுகிறவர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் நல்லது. மொய், பந்தி, பங்காளி என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருப்பதிலேயே உங்கள் ஐம்பது நிமிடம் போய்விடக் கூடாது.

காசு பிரச்சினை என்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். போனுக்குப் பயப்படுகிறவருக்குப் போன் நம்பர் கொடுக்கிறேன், தெரிகிறது. உங்கள் முதல் பயிற்சியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முழு சி.பி.டி. நடக்காது, வழி காட்டுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே தெரிந்தவரைப் பார்த்தால், அவரும் ஏதோ ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பார். சில மாத்திரைகளும் இதற்குப் பலன் தருகின்றன, டாக்டர் சொன்னால் மறுக்க வேண்டாம். தூக்கமே போய்விட்டது, குடி இல்லாமல் வெளியே போக முடியவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது – இவற்றில் ஏதாவது இருந்தால் ஆன்லைனைத் தள்ளிவைத்துவிட்டு நேரில் போங்கள், இன்றே.

வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தினால் மூன்று பேர் தட்டுவார்கள், அதனால் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தங்கச்சி மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். உங்கள் மொய்யை இத்தனை நாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்தது பாசத்தில்தான், ஆனால் பயத்துக்கும் அதுதான் தீனி. இனி நீங்கள் நீட்டினாலும் அவர் வாங்கக் கூடாது, கூடவே வந்து வரிசையில் பின்னால் நிற்கட்டும். இதை விசேஷ வீட்டு வாசலில் வைத்துப் பேசினால் அவர் மனசு கேட்காமல் வாங்கிவிடுவார். முன்கூட்டியே, சிகிச்சை தொடங்குகிற வாரத்திலேயே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.