வெள்ளவத்தை வீட்டுக் கடன் பிந்தினால் வங்கி யாரிடம் சொல்லும்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: லண்டன் வந்து இன்னும் நல்ல வேலை சரிவரவில்லை, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக் கடனில் இரண்டு தவணை பிந்திவிட்டது, வங்கி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சக் காலம் பொறுப்பார்கள் என்று நம்பலாமா?

நம்பி இருந்துவிடாதீர்கள். வங்கி அநேகமாகச் சொல்லியிருக்கும், கடன் எடுக்கும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு. அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த கடிதங்களை அம்மா தண்ணீர் பில், கரண்ட் பில்லோடு சேர்த்துக் கிளிப் போட்டு வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு பந்தி. நிலுவையை உடனே கட்டவும், தவறினால் சட்ட நடவடிக்கை. அதில் முதல் எவ்வளவு, தண்ட வட்டி எவ்வளவு, கட்ட வழியில்லை என்றால் யாரோடு பேசுவது, எதுவுமே இல்லை. எழுபது தாண்டிய, ஆங்கிலம் வாசிக்காத ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு ‘அறிவித்துவிட்டோம்’ என்று ஒரு வங்கி சொல்வதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே பிரித்தானியாவில் எனக்கு வேலை பறிபோன வருடம் வீட்டுக் கடன் பிந்தியபோது வந்த கடிதத்தைப் பார்த்தபிறகுதான் ஒரு வங்கி எப்படிச் சொல்ல வேண்டும் என்பது விளங்கியது. எந்தெந்த மாதம் கட்டவில்லை, மொத்த நிலுவை, அதற்கு ஏறிய கட்டணம், மிச்சக் கடன் எல்லாம் தனித்தனியாக இருந்தன. இலவச ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று ஒரு தாளும் கூடவே வந்தது. பிரித்தானிய விதிப்படி, நிலுவை விழுந்தது தெரிந்து 15 வேலை நாட்களுக்குள் வங்கி இவ்வளவும் தந்தாக வேண்டும். வீட்டை எடுப்பது கடைசி வழி. நீங்கள் இணங்காவிட்டால் அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

கொழும்பில் அப்படியில்லை. பராட்டே சட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். அது பொருந்தும் கடன் என்றால், ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு வங்கி ஏலம் விடலாம். 2024இல் அதைச் சில காலத்துக்கு இடைநிறுத்தினார்கள், 2025இல் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஏலம் விடுவது என்ற சபைத் தீர்மானம் அரசாங்க வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும், கடன்காரருக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஆனால் ஏலம் எப்போது, எங்கே என்ற அறிவித்தல் ஏலத்துக்கு 14 நாள் முன்னதாக வந்தால் போதும். லண்டனில் இருக்கும் ஒருவர் அந்த 14 நாளில் என்ன செய்வார்? ஏலத்துக்கு முன்பு மிச்சக் கடன் முழுவதும், வட்டி, செலவு எல்லாம் கட்டினால் நிறுத்தலாம்தான், ஆனால் அந்தக் காசு கையில் இருந்திருந்தால் தவணையே பிந்தியிருக்காதே.

வங்கி வாய் திறக்க வேண்டியது தவணை தவறுவதற்கு முன்பே என்பது என் எண்ணம். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் கடன் வட்டி இதைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும்) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை எவ்வளவாகும் என்பது வங்கிக் கணினிக்கு அன்றைக்கே தெரியும். புதிய தவணை இவ்வளவு, இயலாவிட்டால் காலத்தை நீட்டலாம், அல்லது சில மாதம் வட்டியை மட்டும் கட்டலாம் என்று ஒருவர் விளங்கும் மொழியில் தொலைபேசியில் சொல்லியிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் நேரத்தோடு போய்ப் பேசியிருக்கும்.

சரி, உங்கள் விஷயம். இன்றைக்கே வங்கிக்கு மின்னஞ்சல் எழுதி, லண்டன் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பதியச் சொல்லுங்கள். வேலை நிலைமையை மறைக்காமல் எழுதி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தொகையும் சொல்லுங்கள். கடனை மறுசீரமைக்கும்படி எழுத்திலேயே கேளுங்கள். வீட்டாருக்கு வரும் கடிதம் தமிழில் வேண்டும் என்பதையும் சேருங்கள், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் இல்லை என்றால் மத்திய வங்கியிடம் முறையிடலாம், ஆனால் முதலில் வங்கிக்கு எழுதிய முறைப்பாட்டின் பிரதி கையில் இருக்க வேண்டும். அக்கா வெள்ளவத்தையில்தான் இருக்கிறார் என்றீர்கள். அவரை நம்பிக்கையோடு கிளைக்கு அனுப்பலாம், அதற்கு முன் அவர் பெயருக்கு அற்றோர்னித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் போனால், உங்கள் கணக்கைப் பற்றி முகாமையாளர் அவரோடு பேச மாட்டார்.