ஒரே டீமுக்கு மட்டும் ஆஃப்சைடா?

கேள்வி: அரசை விமர்சித்து ட்வீட் போட்டார் என்று பிபிசி கால்பந்து நிகழ்ச்சியிலிருந்து அதன் தொகுப்பாளர் லினேக்கரை ஓரங்கட்டினார்களே, அது சரிதானே? மக்கள் காசில் ஓடும் டிவியில் இருப்பவர் அரசியல் பேசலாமா? தூர்தர்ஷனிலும் அப்படித்தானே விதி?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வியாசர்பாடியிலிருந்து கால்பந்து இல்லாமல் கேள்வி வந்தால்தான் ஆச்சரியம்!

லினேக்கர் விஷயம் சுருக்கமாக: பிரிட்டன் அரசு அகதிகளைப் பற்றிப் பேசும் தோரணை 1930களின் ஜெர்மனியை நினைவூட்டுகிறது என்று 2023 மார்ச் 7-ல் எழுதினார். 10-ம் தேதி ஒதுக்கினார்கள். சக வர்ணனையாளர்களும் வர மறுத்தார்கள். மறுநாள் இரவு தொகுப்பாளர் இல்லை, வர்ணனை இல்லை. மைதானச் சத்தத்தோடு 20 நிமிடம் ஓட்டி முடித்தார்கள். 13-ம் தேதி, திரும்பி வாருங்கள் என்று அறிவிப்பு. அவர் செய்திப்பிரிவு ஆள் இல்லை, ஒப்பந்தத்தில் வேலை செய்தவர். அப்படிப்பட்டவருக்கு என்ன எல்லை என்று தெளிவாக எழுதிவைக்காததுதான் கோளாறு. செப்டம்பரில் எழுதினார்கள்: முக்கிய நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் கருத்து சொல்லலாம், ஆனால் எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ தாக்கவோ கூடாது. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே கோடு.

நம்ம ஊர்க் கோடு வேறு. 2007 அக்டோபர் 5 வரை தூர்தர்ஷனிலும் வானொலியிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்றைக்கும் மத்திய அரசு ஊழியர்கள்தான். இரண்டையும் நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கு அயற்பணியில் (டெபுடேஷனில்) இருப்பதாகக் கணக்கு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதி 9, அரசின் கொள்கையைக் குறை சொல்லக் கூடாது என்கிறது. அதே கொள்கையை வானளாவப் புகழ்ந்தால் விதி 9 கண்டுகொள்ளாது. (கட்சி வேலை பார்க்கக் கூடாது என்பது விதி 5, அது தனி.) ஒரே டீமுக்கு மட்டும் கொடி தூக்குகிற லைன்ஸ்மேனை முல்லை நகர் மைதானத்தில் விட்டுவைப்பீர்களா? இதற்குப் பெயர் விசுவாசம். நடுநிலை என்று சொல்லாதீர்கள்.

நடுநிலை எழுதியிருக்கும் இடம் 1990-ம் வருடத்துப் பிரசார் பாரதி சட்டம், பிரிவு 12. மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துத் தர வேண்டும், நிறுவனம் தன் பங்குக்கு எந்தக் கருத்தையும் தூக்கிப்பிடிக்கக் கூடாது. ஆக, கடமை நிறுவனத்தின் தலையில். அது எப்படி நடக்கிறது? 2024 மே மாதம் தூர்தர்ஷனில் தேர்தல் உரை பதிவுக்குப் போன மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியிடம் ஆங்கில உரையில் இருந்த 'திவால்' என்ற சொல்லைத் 'தோல்வி' ஆக்கச் சொன்னார்கள். வேறு சில சொற்களையும் எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணைய நெறிமுறைப்படிதான் செய்தோம் என்றது பிரசார் பாரதி. வேடிக்கை என்னவென்றால், அதே உரையின் இந்தி மொழிபெயர்ப்பில் யாரும் கை வைக்கவில்லை என்று அவரே சொன்னார்.

உரசிப் பார்க்க ஆசையா? தகவல் உரிமைச் சட்டத்தில் தூர்தர்ஷனுக்கு 10 ரூபாய்க்கு மனு போடுங்கள். "எண்ணூர் செய்தியை ஏன் காட்டவில்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது, அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், காரணத்தை அல்ல. இன்ன தேதி, இன்ன நேரச் செய்தியின் வரிசைப் பட்டியல் நகல், ஒவ்வொரு செய்திக்கும் ஒதுக்கிய நேரத்தோடு வேண்டும் என்று கேளுங்கள். தேதி போன வாரத்தினதாக இருக்கட்டும். பழையதைக் கேட்டால் கைவசம் இல்லை என்று தட்டிக்கழிக்க வசதியாகிவிடும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.