பெல்ட்டில் போட்ட புது ஓட்டை

ஓயாத வயிற்றுப்போக்கு ஐபிஎஸ்தானா (பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தெரியாத குடல் கோளாறு), அதை மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்டில் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டு இரண்டு பக்கம் கடிதம் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன்’ என்கிறீர்கள். என் பதில் அந்த வரிக்குத்தான்.

வயது 49. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு. 62 கிலோ 55 ஆகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு வயிறு எழுப்பிவிடுகிறது. ஐபிஎஸ் ஆளைப் பாடாய்ப் படுத்தும். ஆனால் உடம்பை இப்படி உருக்காது, அயர்ந்து தூங்குபவரைப் பெரும்பாலும் எழுப்பவும் எழுப்பாது. தேனி மாவட்டம் கம்பம் ஊரில் விடிகாலை ஜீப் ஏறி, கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பலருக்கு, மலையில் ஒதுங்க இடமில்லை என்ற பயத்திலேயே வயிறு கலங்கும். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை வயிறு சாதுவாகிவிடும். உங்களுக்கு ஞாயிறும் விடவில்லையே.

‘அப்பாவுக்கு வந்தது’ என்று எழுதுகிறீர்கள். பெருங்குடல் புற்றுநோய் என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பயம்தான் உங்களை இணையத்தில் மரபணு தேட வைத்திருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் இருக்கும், ஏறக்குறைய 22 மரபணு எழுத்து நீளமுள்ள துணுக்கு. எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மட்டுப்படுத்தும். 1993-இல் ஒரு புழுவில் கண்டார்கள், 2024-இல் நோபல் கிடைத்தது. ஐபிஎஸ் உள்ள சிலருடைய குடலில் 29ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ வகை கூடுதலாக இருந்தது. அது குளூட்டமின் என்ற அமினோ அமிலம் தயாரிக்கும் நொதியைக் குறைக்க, குடல்சுவரின் இறுக்கம் தளர்கிறது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் உங்களுக்கு ஐபிஎஸ்ஸா, வேறு நோயா என்று அதை வைத்து இன்று எந்த மருத்துவரும் முடிவு செய்வதில்லை. அந்த டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்த வாரமே தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்ப்பார்கள். பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதற்கு முந்தின நாள் பேதி மருந்து குடிப்பதுதான் சிரமம். ரத்தம் போகவில்லையே என்று ஆறுதல் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாமலும் கசியும். குடல் காசநோயும் இப்படியே வரும். மருந்தை முழுதாகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். அப்பாவுக்கு வந்ததே என்றாலும், சீக்கிரம் கண்டால் வெட்டி எடுத்துவிடலாம்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கி விழுங்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பராமைட், ஆண்டிபயாடிக் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். எனக்குக் கோபமே வருகிறது. ஆறு மாதம் அந்த மாத்திரைகள் நோயை மறைத்துத்தான் வைத்திருக்கின்றன.

நீங்கள் எழுதியிருக்கும் ஏப்பம், வயிற்றுக் கடமுடா: இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

போகும்போது அப்பாவின் பழைய பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். அவருக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்பார்கள்.