போர்ஜியானுஸ் சுவடியில் இல்லாத பன்னிரண்டு வசனங்கள்

அன்புள்ள ஐயா,

வத்திக்கான் நூலகத்தில் உள்ள கிரேக்கமும், காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழியும் கொண்ட தோல்சுவடி ஒன்றில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றும் பகுதி இல்லை என்று படித்தேன். யாராவது வேண்டுமென்றே நீக்கிவிட்டார்களா? சிதைந்த சில ஏடுகளை வைத்து இதை எப்படி முடிவுசெய்கிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் போர்ஜியானுஸ் சுவடி. எகிப்தில் சோகாக் அருகிலுள்ள வெள்ளை மடாலயத்து ஏடுகள் பல நாடுகளுக்குச் சிதறியபோது, இதன் ஒரு பகுதி கர்தினால் ஸ்தேபானோ போர்ஜியாவின் சேகரிப்பை அடைந்தது. பாரிஸுக்குப் போன ஏடுகள் சுவடிப் பட்டியலில் 0113, 0125, 0139 என்று தனித்தனி எண்கள் பெற்று, பின்னரே ஒரே சுவடியின் பகுதிகள் என அடையாளம் காணப்பட்டன.

சுவடி சிதைந்ததுதான், ஆனால் நீங்கள் கேட்கும் இடம் சிதையவில்லை. யோவான் 7:6 முதல் 8:31 வரை கிரேக்க மொழியில் எஞ்சியிருக்கிறது. கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி எவரும் தோன்றுவதில்லை என்று நிக்கொதேமுவிடம் பரிசேயர் சொல்லும் 7:52ஐ அடுத்து, உலகத்திற்கு ஒளி நானே என்று இயேசு பேசும் 8:12 வந்துவிடுகிறது; இடையிலுள்ள அந்தப் பெண்ணின் கதை (7:53-8:11) இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல்தான் வந்தன என்பதால், எழுதியவரின் கண்ணில் அங்கே எந்த இடைவெளியும் பட்டிருக்காது.

உங்கள் சந்தேகம் மிகப் பழையது. மனைவியர் விபசாரத்திற்குத் துணிந்துவிடுவார்கள் என்று அஞ்சிச் சிலர் இதை நீக்கினார்கள் எனத் திருச்சபைத் தந்தை அகஸ்தீனே எழுதியிருக்கிறார். ஆயினும், இதைவிட மூத்த 66, 75ஆம் எண் பாப்பிரஸ் சுவடிகளிலும், நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் எனப்படும் வேறு இரு சுவடிகளிலும், காப்டிக்கின் ஒரு வட்டார வழக்கான சஹிதிக்கில் உள்ள பழைய மொழிபெயர்ப்பிலும் இப்பகுதி இல்லாதிருக்க, அத்தனை இடங்களிலும் ஒருவர் கை புகுந்து நீக்கியது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிற்காலச் சுவடிகள் சிலவற்றில் இது லூக்கா 21:38க்குப் பின் இருப்பது, இடம் தேடி அலைந்த கதை இது என்பதையே காட்டுகிறது. அதற்காகக் கதையைப் பிற்காலக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் திதிமு நான்காம் நூற்றாண்டிலேயே இதன் ஒரு வடிவத்தை அறிந்திருந்தார்.

இதே சுவடியில் இயேசுவின் வியர்வை இரத்தத் துளிகள் போல் விழுந்ததைச் சொல்லும் லூக்கா 22:43-44ம் இல்லை. ஆனால் அதை இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறித்தவ எழுத்தாளர்கள் யுஸ்தீனும் இரேனேயுவும் குறிப்பிட்டுவிட்டார்கள். ஆகவே பகுதி தொடக்கத்தில் இல்லை என்று யோவானைப் பற்றி எனக்குள்ள உறுதி லூக்காவைப் பற்றி எனக்கு இல்லை.

அன்புடன்