பிலிப்பினோ உணவகத்தில் நாலு பேர்: என்ன சொல்வது, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: வேலை விஷயமாக மணிலா வந்திருக்கிறோம். நாலு பேர் முதல்முறையாக ஒரு பிலிப்பினோ உணவகத்துக்குப் போகப்போகிறோம். ஒருவர் சைவம் (முட்டை சாப்பிடுவார்), ஒருவர் பன்றி தொடமாட்டார். மெனுவைப் பார்த்தால் தலைகால் புரியவில்லை. எப்படி ஆர்டர் செய்வது?

பதில்:

முதலில், ஆளுக்கொரு பிளேட் என்று சொல்லாதீர்கள். இங்கே சோறு மட்டும்தான் ஆளுக்கு ஆள். மற்றதெல்லாம் மேசை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வது. மெனுவில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 2-3 பேருக்கு, 4 பேருக்கு என்று அளவு போட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் பரிமாறுபவரிடம் கேளுங்கள். நாலு பேருக்கு ஒரு புளிப்புச் சூப், ஒரு சுட்டது அல்லது பொரித்தது, ஒரு குழம்பு வகை, ஒரு காய் என்று நாலு அயிட்டம் போதும். சோறு தலைக்கு ஒரு கப் என்று ஆரம்பித்து, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். படத்தில் அழகாக இருப்பதெல்லாம் பொரித்தவை அல்லது கொழுப்பு மிகுந்தவைதான்: கிரிஸ்பி பாத்தா (வேகவைத்துப் பிறகு முழுசாகப் பொரித்த பன்றிக்கால்), லெச்சோன் கவாலி (பொரித்த பன்றி வயிற்றுக்கறி), லும்பியா ஷாங்காய் (கொத்துக்கறியை மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்தது), சிசிக் (பொடியாக நறுக்கிய பன்றித் தலைக்கறி). நாலையும் சேர்த்து வாங்கினால் பாதியிலேயே திகட்டிவிடும், பிலிப்பினோ சாப்பாடு என்றாலே எண்ணெய் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். பொரித்தது ஒன்று வந்தால் புளிப்பு ஒன்று வந்தே ஆகவேண்டும். இந்தச் சமையலே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

அந்தப் புளிப்புக்கு சினிகாங்கை மிஞ்ச எதுவும் இல்லை. புளியங்காயை வேகவைத்துக் கரைத்த தெளிந்த சூப் இது. உள்ளே தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, வெண்டைக்காய், காராமணிக்காய், வள்ளைக்கீரை, நீளமான பச்சை மிளகாய் இருக்கும். சேப்பங்கிழங்கு போட்டால் அது கரைந்து சூப்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும். பன்றி, மாடு, இறால், மீன் என்று எதிலும் செய்வார்கள். உங்கள் கூட்டத்துக்கு இறால் சினிகாங், அதாவது சினிகாங் நா ஹிபோன் சரியாக இருக்கும். பால்கெண்டை மீன் (பாங்குஸ்) சினிகாங்கும் அருமைதான், ஆனால் அந்த மீனில் மயிரிழை முள் ஏராளம். முள் எடுத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புளிக்குப் பதில் கொய்யாவோ புளிச்சக்காயோ (காமியாஸ்) போட்டுச் செய்யும் கடைகளும் உண்டு. கொய்யா போட்டது இனிப்பு கலந்து வரும். பல கடைகளில் பாக்கெட் புளிப்பொடிதான். காய்கறி குழையாமல், கீரை பச்சை நிறம் மாறாமல் வந்தால் அப்போது செய்தது என்று அர்த்தம். நம் ரசத்தைப் போல இதைச் சோற்றில் ஊற்றியே சாப்பிடுவார்கள். தனிச் சூப்பாகக் குடித்து முடித்துவிட்டால் மற்ற அயிட்டங்களுக்குத் துணை இல்லாமல் போகும்.

அடுத்து சாவ்சாவான். தொட்டுக்கொள்ளும் கலவைகளுக்கு அதுதான் பெயர். சமையல்காரர் உப்பையும் புளிப்பையும் கடைசி அளவுக்குக் கொண்டுபோகமாட்டார், அந்த வேலை சாப்பிடுபவருடையது. மேசையில் சோயா சாஸ், வினிகர், மீன் சாஸ் (பாத்திஸ்), பாதியாக நறுக்கிய காலமான்சி எலுமிச்சை, லாபுயோ என்னும் ஊசி மிளகாய் இருக்கும், அல்லது கேட்டால் வரும். சிறு கிண்ணத்தில் 2 கரண்டி சோயா சாஸ், 3 காலமான்சிச் சாறு, நசுக்கிய மிளகாய் ஒன்று கலந்தால் சுட்ட மீனுக்கும் கோழிக்கும் ஆயிற்று. பொரித்ததற்கு வினிகரில் நசுக்கிய பூண்டும் வெங்காயமும் மிளகாயும் போட்டது வேண்டும். சினிகாங்குக்குக் கொஞ்சம் பாத்திஸில் மிளகாயை நசுக்கி, சூப்பிலிருந்து எடுத்த இறாலை அதில் தொட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் காரமே இல்லை என்று குறைப்படும் நம்மவர்களுக்கும் இந்தக் கிண்ணம்தான் வழி. சமையலிலேயே காரம் போடும் பகுதி என்றால் முக்கியமாக பிகோல். மிளகாயும் தேங்காய்ப்பாலும் அங்கே அன்றாடம்.

காரே-காரே பிரியாதவர்கள் பெரும்பாலும் இந்தத் தொடுகறி விஷயத்தைத் தெரிந்துகொள்ளாதவர்கள். மாட்டுவாலும் குடலும் வேகவைத்து, அரைத்த வேர்க்கடலையும் வறுத்த அரிசி மாவும் சேர்த்துக் கெட்டியாக்கி, அன்னாட்டோ விதையால் நிறமேற்றிய குழம்பு அது. கத்தரிக்காய், வாழைப்பூ, காராமணிக்காய் இருக்கும். வேண்டுமென்றே உப்பைக் குறைத்துச் செய்கிறார்கள். கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து வதக்கிய விழுது வரும், பெயர் பாகோஓங். ஒவ்வொரு கவளத்துக்கும் கால் தேக்கரண்டி அளவு தொட்டுக்கொண்டால் குழம்பு உயிர் பெறும். மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் உப்புக் கரித்துவிடும், திரும்ப எடுக்கமுடியாது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் இதைத் தொடவே கூடாது.

அடோபோவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: வினிகர், சோயா சாஸ், பூண்டு, பிரிஞ்சி இலை, முழு மிளகு. சோயா சாஸ் போடாத வெள்ளை அடோபோவும், தேங்காய்ப்பால் சேர்த்ததும் உண்டு. மெனுவில் கோழி அடோபோ என்று தெளிவாக இருந்தால் மட்டும் பன்றி தவிர்ப்பவருக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் கோழியும் பன்றியும் ஒரே சட்டியில் கலந்து செய்வதும் வழக்கம்.

சிசிக் பாம்பாங்கா மாகாணத்து அயிட்டம். ஆஞ்சலெஸ் நகரில் லூசியா குனானன் என்பவர் 1970-களில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பக்கத்திலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பன்றித் தலைகள்தான் அதற்கு மூலப்பொருள். வேகவைத்து, தணலில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், கோழி ஈரலோடு சூடான இரும்புத் தட்டில் சத்தத்துடன் வரும். மணிலாவில் மேலே பச்சை முட்டை உடைத்து ஊற்றியிருப்பார்கள். தட்டு வந்த உடனே கிளறிவிடவேண்டும், அந்தச் சூட்டில்தான் முட்டை வேகும். படமெடுத்துக்கொண்டிருந்தால் தட்டு ஆறி முட்டை பச்சையாகவே நின்றுவிடும். காலமான்சியைக் கிளறிய பிறகு பிழியுங்கள். மயோனைஸ் வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஆஞ்சலெஸ் ஊர்க்காரர்கள் அதைச் சேர்ப்பதில்லை, அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். பன்றி இல்லாமல் வேண்டுமென்றால் பாங்குஸ் சிசிக் கிடைக்கும்.

பன்றி தவிர்ப்பவருக்குச் சிக்கன் இனசால் சொல்லலாம். பகோலோட் நகரத்துச் சுட்ட கோழி இது: வினிகர், காலமான்சி, எலுமிச்சைப்புல், பூண்டு, இஞ்சியில் ஊறவைத்து, அன்னாட்டோ எண்ணெய் தடவித் தணலில் சுடுவார்கள். பா-ஆ என்றால் கால், பெச்சோ என்றால் இறக்கையோடு நெஞ்சுப் பகுதி. கால் காய்ந்துபோகாது, அதையே வாங்குங்கள். மேசையில் இருக்கும் மஞ்சள் எண்ணெய் கோழிக் கொழுப்பு. சூடான சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிப் பிசைந்து கையால் சாப்பிடுவது இங்கே சாதாரணம். பல இனசால் கடைகளில் சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் அந்த வசதி அதற்குப் பணம் கட்டியவருக்கு மட்டும்தான்.

பன்றி ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். லும்பியா ஷாங்காய், லொங்கானிசா (சாசேஜ்), தொசினோ (இனிப்பாக ஊறவைத்த கறி) பெரும்பாலும் பன்றிதான். பான்சித் பலாபோக் நூடுல்ஸ் மேலும் பாசிப்பயறுக் குழம்பு மேலும் தூவும் மொறுமொறுப்பான பொடி, பன்றித் தோல் பொரித்தது. கோழி சுடும் தணலிலேயே பன்றியும் சுடுவார்கள். இதெல்லாம் முற்றிலும் கூடாது என்றால் ஹலால் கடைக்குப் போவதே நிம்மதி. மணிலாவின் கியாப்போ பகுதியில், தங்க மசூதியைச் சுற்றி, மிண்டனாவோ முஸ்லிம்களின் சிறு கடைகள் உள்ளன. அங்கே மஞ்சளும் தேங்காய்த் துருவலும் போட்ட கோழி (பியாபாரான்), தேங்காயைக் கருகச் சுட்டு அரைத்துச் சேர்த்த கறுப்பு நிற மாட்டுக்கறிச் சூப்பான தியுலா இதும், வெங்காயத்தாள், இஞ்சி, மிளகாய் இடித்த பாலாபா துவையல் என்று நம் நாக்குக்குப் பழக்கமான சுவைகள் வரிசையாக இருக்கும். பிலிப்பைன்ஸ் உணவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சமையலை விட்டுவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

சைவ நண்பர்தான் கவனமாக இருக்கவேண்டும். காய்கறி என்று மெனுவில் போட்டிருப்பதை நம்பவே கூடாது. பாகற்காய், கத்தரி, வெண்டை, பரங்கி எல்லாம் போட்ட பினாக்பெத்தில் புளித்த மீன் அல்லது இறால் விழுது அடிப்படையே. சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் சுண்டவைக்கும் லாயிங்கில் கருவாடோ பன்றியோ இருக்கும். பாசிப்பயற்றிலும் அப்படித்தான். இவற்றை மொத்தமாக முன்பே சமைத்து வைத்திருப்பதால், நீக்கித் தரச் சொன்னால் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆகவே அப்போதே தனியாகச் செய்யக்கூடியதைக் கேளுங்கள்:

தோர்த்தாங் தாலோங்: சுட்ட கத்தரிக்காயைத் தட்டி முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. கொத்துக்கறி வேண்டாம் என்று சொல்லவேண்டும்.
அடோபோங் காங்கோங்: வள்ளைக்கீரையைப் பூண்டு, வினிகர், சோயா சாஸில் வதக்குவது. சிப்பி சாஸ் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.
என்சலாடாங் தாலோங்: சுட்ட கத்தரி, தக்காளி, வெங்காயம். இறால் விழுது சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லவேண்டும்.
பொரித்த தோஃபு (தோக்வா), பப்பாளிக்காய் ஊறுகாயான ஆச்சாரா, வெறும் சோறு.

பூண்டுச் சோறு எந்த எண்ணெயில் வறுத்தது என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. கறி இல்லையென்றால் இறால் பரவாயில்லை என்று நினைப்பவர் பலர். "வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் ஹிபோன், வாலாங் பாகோஓங், வாலாங் பாத்திஸ்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: கறி, மீன், இறால், இறால் விழுது, மீன் சாஸ் எதுவும் வேண்டாம். மற்றபடி ஆங்கிலமே போதும். பரிமாறுபவர் ஆணென்றால் குயா, பெண்ணென்றால் ஆத்தே என்று அழைக்கலாம், அண்ணா, அக்கா என்பதற்கு இணை.

ஆக, உங்கள் நாலு பேருக்கு இப்படிச் சொல்வேன்: இறால் சினிகாங் ஒன்று, சிக்கன் இனசால் இரண்டு, பன்றி சாப்பிடும் இருவருக்கு ஒரு சிசிக், சைவருக்குத் தோர்த்தாங் தாலோங்கும் அடோபோங் காங்கோங்கும். காரே-காரேயை இரண்டாவது வருகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி, கத்தி வராது. வாழையிலை விரித்து நடுவில் சோற்றைக் குவித்து எல்லோரும் கையால் சாப்பிடும் காமாயான் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவைக்கவேண்டும். சைவர் இருக்கும் கூட்டத்துக்கு அது ஒத்துவராது, எல்லாம் ஒரே இலையில் கலந்துவிடும். தட்டுகளில் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்கும் தூரோ-தூரோ கடைகளுக்குப் போவதானால் பகல் 12 மணிக்கு முன் போங்கள். காலையில் சமைத்தது நேரம் ஆக ஆகச் சுண்டி உப்பேறும். அங்கே பாதி அளவும் கேட்டு வாங்கலாம்.

கடைசியில் ஹாலோ-ஹாலோ. துருவிய ஐஸ், பால், இனிப்புப் பயறுகள், வாழைப்பழம், கடற்பாசி ஜெல்லி, ஊபே கிழங்கு இனிப்பு. ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். மேலிருந்து சாப்பிட்டால் வெறும் ஐஸ்தான் வரும், அடிவரை கிளறவேண்டும்.

பில் வேண்டுமென்றால் விரலால் காற்றில் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினால் போதும். 12 சதவீத வாட் வரி பொதுவாக மெனு விலையிலேயே சேர்ந்திருக்கும். சர்வீஸ் சார்ஜ் தனியாக, பல இடங்களில் 10 சதவீதம் போடுவார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் டிப்ஸ் கட்டாயமில்லை, இல்லையென்றால் கொஞ்சம் வைத்துவிட்டு வாருங்கள்.