கேளுங்க, சொல்றோம்: பேப்பர்ல கிழிச்சா ஓட்டும் கிழியுமா?

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல அமெரிக்காதான். அமெரிக்கா டாரிஃப் (இறக்குமதி வரி) போட்டதுல இருந்து, தோல் தொழில் நடக்குற ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் உள்ளூர் எம்எல்ஏ பேரை விட டிரம்ப் பேர்தான் அதிகமா அடிபடுது போல. சரி, வந்ததுல இருந்து கொஞ்சம்.

காட்பாடி, கல்லூரி மாணவி: பொய்க்கணக்கு எழுதுன கேஸ்ல 34 குற்றச்சாட்டுலயும் குற்றவாளின்னு ஜூரி சொல்லியாச்சு, நாள் பூரா டிவில அதான் ஓடுச்சு, அப்படியும் டிரம்ப் ஜெயிச்சுட்டாரு. அப்போ மீடியா எழுதுறதுக்கு மதிப்பே இல்லையா அண்ணா?

மதிப்பு இருக்கும்மா, ஆனா நாம நெனைக்கிற எடத்துல இல்ல. ஒரு சர்ச்சை வெடிச்சா ஜனங்க அப்படியே ஓட்டை மாத்திக் குத்திருவாங்கன்னு நெனைக்கிறோம், அது ரொம்ப கம்மி. மொதல்ல ஆடிப்போறது அந்த ஆளோட சொந்தக் கட்சிக்காரங்களும் பணம் குடுக்குறவங்களும்தான், அவங்க கூட நின்னுட்டா ஆள் தப்பிச்சுருவாரு, அவங்க நழுவிட்டா ஓட்டுப்பதிவு நாள் வரைக்கும் கூட போக வேணாம். 2024 மே 30 அந்தத் தீர்ப்பு வந்துச்சு, 24 மணி நேரத்துல 5 கோடி டாலருக்கு மேல நன்கொடை கொட்டுச்சுன்னு அவரு டீமே சொல்லுச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்ல வேற ஒரு கேஸ்ல ஜார்ஜியா மாநில ஜெயில்ல எடுத்த போட்டோ இருக்கே, அதை டி-ஷர்ட்லயும் காபி கப்லயும் அச்சடிச்சு வித்ததும் அவங்களேதான்.

அதே 2024ல, அப்ப ஜனாதிபதியா இருந்து மறுபடியும் நின்ன பைடனைப் பாரு. அன்னிக்கு புதுசா கேஸும் இல்ல, லஞ்சப் புகாரும் இல்ல, ஜூன் 27 டிபேட்ல ஒன்றரை மணி நேரம் தடுமாறுனாரு, அவ்ளோதான். ராத்திரியே அவரு கட்சிக்காரங்க ஆளுக்கு ஆள் போன் பண்ணி புலம்ப ஆரம்பிச்சு, அது பேப்பர்ல வந்து, அதைப் பாத்து இன்னும் நாலு பேர் வெளிய வந்து பேசி, ஜூலை 21 அன்னிக்கு போட்டில இருந்தே வெலகிட்டாரு. கவுத்தது எதிர்க்கட்சியா சொல்லு?

ஆற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1987ல அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட கேரி ஹார்ட்னு ஒருத்தர் ஒரு பொண்ணு விவகாரத்துல ஒரே வாரத்துல போட்டிய விட்டுப் போனார். அந்தக் காலத்து ஜனங்களுக்கு வெக்கம் மானம் இருந்தது, இப்ப இல்லை என்று எடுத்துக்கலாமா?

ஐயா, அப்படி எடுத்துக்கிட்டா 1884ல இடிக்கும். ஜனாதிபதி தேர்தல்ல நின்ன க்ரோவர் க்ளீவ்லாண்ட் கல்யாணம் ஆகாமலே ஒரு கொழந்தைக்கு அப்பான்னு பேப்பர்ல வந்துச்சு, அப்பா எங்கேன்னு கூட்டம் கூட்டமா பாட்டே பாடி கேலி பண்ணாங்க, அவரு மறைக்காம உண்மையைச் சொல்லிடுங்கன்னு தன் ஆளுங்க கிட்ட சொல்லிட்டாரு, ஜெயிச்சும் வந்தாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜனங்க கண்டுக்கல!

ஹார்ட் கதைல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது அந்த மங்கி பிஸினஸ்னு ஒரு படகோட பேர் எழுதுன டி-ஷர்ட் போட்டுக்கினு, மடியில அந்தப் பொண்ணை உக்கார வெச்சிருக்கிற போட்டோ. அந்த போட்டோதான் அவரைக் கவுத்துச்சுன்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காங்க. ஆனா போட்டோ பத்திரிகைல வந்ததே அவரு வெலகுனதுக்கு அப்புறம்தான். மே 3 ஞாயித்துக்கெழமை மியாமி ஹெரால்ட் பத்திரிகை எழுதுச்சு, நிருபருங்க அவரு வாஷிங்டன் வீட்டு வாசல்ல காத்துக் கெடந்து எழுதுனது, மே 8 அன்னிக்கே அவரு கெளம்பிட்டாரு. அந்த அஞ்சு நாள்ல ஓட்டுப்பதிவு எதுவும் நடக்கல. போற எடமெல்லாம் நிருபர் கேள்வி, கூட இருந்தவங்க முகம் தொங்கிப் போச்சு, அவ்ளோதான் கத. அஞ்சு வருஷம் கழிச்சு 1992ல கிளிண்டனுக்கும் இதே மாதிரி புகார்தான், அவரு சம்சாரத்தைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு டிவில பேட்டி குடுத்தாரு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து உட்கட்சித் தேர்தல்ல ரெண்டாவதா வந்துட்டு ஜெயிச்ச மாதிரியே பேசுனாரு, கூட இருந்தவங்க கலையல. ஜனங்க மாறல ஐயா, ஹார்ட் கூட நிக்க ஆள் இல்ல, கிளிண்டன் கூட இருந்தாங்க.

ஆம்பூர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்: திட்டித் திட்டியே டிரம்பை வளத்து விட்டது டிவிக்காரங்கதான்னு எங்க டீக்கடைல ஒரு கட்சி. உண்மையா சார்?

பாதி உண்மை. 2016 மார்ச் வரைக்கும் அவருக்குக் கெடச்ச ஓசி விளம்பரத்தோட மதிப்பு கிட்டத்தட்ட 200 கோடி டாலர்னு ஒரு கணக்கு வந்துச்சு, மத்த வேட்பாளருங்க யாரும் பக்கத்துல கூட இல்ல. சிபிஎஸ் டிவி தலைவரே அப்ப, இது நாட்டுக்கு நல்லதா இருக்காது ஆனா எங்க கம்பெனிக்கு ரொம்ப நல்லதுங்கிற மாதிரி பேசுனாரு, ஒளிவு மறைவே இல்ல பாருங்க.

மீதிப் பாதி, அவரை எதிர்த்து நின்ன ஹிலரி பக்கம். அக்டோபர் 7 அன்னிக்கு டிரம்ப் பொண்ணுங்களப் பத்தி அசிங்கமா பேசுன டேப் வந்துச்சு, கட்சிப் பெரிய தலைங்க பல பேர் ஒதுங்குனாங்க, ஆனா கீழ இருக்கிற தொண்டன் ஒதுங்கல, ஒதுங்குனவங்கள்ல சில பேர் அப்பால மெதுவா திரும்பி வந்துட்டாங்க. தேர்தலுக்கு 11 நாள் முன்னாடி அக்டோபர் 28ல எஃப்பிஐ டைரக்டர் ஒரு லெட்டர் எழுதுனாரு, ஹிலரி அமைச்சரா இருந்தப்ப ஆபீஸ் ஈமெயிலை சொந்த சர்வர்ல வெச்சிருந்த விஷயத்துல புதுசா ஏதோ கெடச்சிருக்குன்னு. பேப்பர் மொதப் பக்கம் முழுக்க அதான். நவம்பர் 6ல ஒண்ணும் மாறலன்னு அவரே சொன்னாரு, ரெண்டு நாள்ல ஓட்டுப்பதிவு. டிரம்பை ஜெயிக்க வெச்ச மிச்சிகன், விஸ்கான்ஸின், பென்சில்வேனியா மூணு மாநிலத்துலயும் சேத்து வித்தியாசம் 80,000 ஓட்டுக்கும் கம்மி. இவ்ளோ நெருக்கமான தேர்தல்ல மட்டும் தேதி விளையாடும். அந்த லெட்டர் ஆகஸ்ட்ல வந்திருந்தா இந்தப் பேச்சே இருக்காதுன்னு எனக்குத் தோணுது, ஒத்துக்காதவங்களும் நெறைய பேர் இருக்காங்க.

குடியாத்தம், பெயர் வேண்டாம்: அமெரிக்காவ விடுங்க. 2019ல நம்ம வேலூர்லயே பணம் புடிச்சு எம்பி எலெக்ஷனை நிறுத்துனாங்களே, அதுல இன்னா ஆச்சு?

ஆமா, ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18, ரெண்டு நாள் இருக்கும்போது ரத்து. திமுக ஆளுங்க பக்கம் புடிச்சதா சொன்ன பணக்கட்டை டிவில திருப்பித் திருப்பிக் காட்டுனாங்க. அப்புறம் ஆகஸ்ட் 5 அன்னிக்கு நடந்துச்சு, திமுக ஜெயிச்சுது, வித்தியாசம் 8,141 ஓட்டு. அந்த வருஷம் அந்தக் கூட்டணி பல தொகுதில லட்சக்கணக்குல ஜெயிச்சதை நெனச்சுப் பாருங்க. ஆனா கொறஞ்சது சர்ச்சையாலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தள்ளிப்போன தேர்தல்ல அலை இருக்காது, எதிர்ல நின்னவருக்கும் தொகுதில பலம் உண்டு. இன்னொண்ணு, அந்த ஆகஸ்ட் 5தான் காஷ்மீர் 370 அறிவிச்ச நாள். நம்ம ஊர் ஜனம் வரிசைல நின்னுக்கினு இருக்கும்போது டிவில பெரிய செய்தி காஷ்மீர்தான்.

வேலூர், வூரீஸ் கல்லூரி பழைய மாணவர்: எங்க காலேஜ்ல படிச்ச ராதாகிருஷ்ணன் ஜனாதிபதி ஆனவர். நம்ம ஜனாதிபதி தேர்தல்ல இந்த மாதிரி அசிங்கம் நடந்ததில்லைதானே?

பெருமைப்படுங்க சார், ஆனா 1969ஐ மறந்துடாதீங்க. சஞ்சீவ ரெட்டியும் வி.வி.கிரியும் நின்னப்ப, ரெட்டியப் பத்தி கேவலமா ஒரு நோட்டீஸ் எம்பிங்க கைல பரவுச்சு, பார்லிமெண்ட் சென்ட்ரல் ஹால் வரைக்கும் வந்துச்சுன்னு புகார். கிரி ஜெயிச்சாரு, கேஸ் சுப்ரீம் கோர்ட் போச்சு, பதவில இருக்கிற ஜனாதிபதியே 1970ல நேர்ல வந்து சாட்சி சொன்னாரு. கேஸ் தள்ளுபடி. இங்க ஓட்டு எம்பி எம்எல்ஏ கைல, அதனால டிவியை விட ஒரு துண்டு நோட்டீஸ் போதும்.

அரக்கோணம், வாசகி: வேட்பாளர் பேசுற வீடியோ போன்ல வந்தா எத நம்புறது?

2004 ஜனவரில ஹோவர்ட் டீன்னு ஒருத்தர், அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஆகப் போட்டி போட்டவர், அயோவா மாநிலத்து உட்கட்சித் தேர்தல்ல மூணாவதா வந்துட்டு, ஆளுங்கள உற்சாகப்படுத்த மேடைல கத்துனாரு. பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்குன்னு நாலு நாள் எல்லா சேனல்லயும் நூத்துக்கணக்கான தடவை ஓட்டுனாங்க. அவரு கைல இருந்தது சுத்துப்பட்டு சத்தத்தை உள்ள விடாத மைக், அதனால டிவில அவரு தொண்டை மட்டும்தான் கேட்டுச்சு. ஹால்ல கூட்டம் போட்ட கூச்சல்ல அந்தக் கத்தலே சரியா கேக்கல, கூட்டத்துக்குள்ள நின்னவங்க எடுத்த டேப்பை ஏபிசி சேனல் அப்புறம் போட்டுக் காட்டுச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. ஆனா மூணாவது வந்தது கத்துறதுக்கு முன்னாடிமா, அதையும் சேத்துப் பாக்கணும். வீடியோ வந்தா இன்னொரு பக்கம் நின்னு எவனாவது எடுத்திருக்கானான்னு தேடிப் பாருங்க.